வாய்ஸ் ஓவருக்கு எந்த கண்டன்சர் மைக்? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூரிலிருந்து பெரம்பூர் வரைக்கும் வாய்ஸ் ஓவர் வேலையில் இறங்கியிருக்கும் தம்பி தங்கைகள் இப்போது நிறைய. ஆட்டோவில் ஓடும் கடை விளம்பரம், யூடியூப் சேனல், பள்ளிப் பாடம், ஒலிப்புத்தகம் என்று வேலை பலவிதம். மைக் வாங்கப் போகும்போது வரும் சந்தேகங்கள் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. போனில் ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். முதலிலிருந்து படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும்.

அண்ணா, கண்டன்சர் மைக்னா இன்னா? கச்சேரில கையில பிடிச்சுப் பாடுற மைக்குக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்?

கச்சேரி மைக் பெரும்பாலும் டைனமிக். உள்ளே ஒரு படலம், அதோடு ஒட்டிய கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம். குரல் பட்டுப் படலம் ஆடினால் சுருளும் ஆடும், அதில் மின்சாரம் பிறக்கும். கண்டன்சரில் சுருள் கிடையாது. உலோகம் பூசிய மிக மெல்லிய படலம் ஒன்று, அதன் பின்னால் மயிரிழை இடைவெளியில் ஒரு தகடு. இரண்டும் சேர்ந்தால் ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் அமைப்பு. படலம் ஆடும்போது இடைவெளி கூடிக் குறையும், அதுதான் சிக்னலாக வெளியே வருகிறது. 1916-ல் அமெரிக்காவில் இ. சி. வென்ட் என்ற பொறியாளர் உருவாக்கியது இது. அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை.

சுருளைச் சுமக்க வேண்டியதில்லை என்பதால் படலம் சின்ன அசைவுக்கும் உடனே ஆடும். உதடு பிரியும் ஓசை, ஒரு சொல்லின் கடைசியில் மெலியும் மூச்சு எல்லாம் பதிவாகும். ஹெட்போனை மாட்டி முதல்முறை கேட்கும்போது சுவர்க்கடிகாரம் டிக் டிக் என்று அடிப்பதும், அடுத்த வீட்டு குக்கர் விசிலும் காதுக்குள் வந்து நிற்கும். கண்டன்சரின் பலமும் சிக்கலும் இந்த ஒரே குணம்தான். கீழே வரும் பாதிக் கேள்விகள் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

சார், மொபைல்லயே நல்லா கேக்குதே, அப்புறம் எதுக்கு மைக்?

ஆட்டோ அறிவிப்புக்கு மட்டும் பேசுகிறீர்கள் என்றால் மொபைல் போதும். ஊதுகுழல் ஸ்பீக்கர் நடு அலைவரிசையைத்தான் தள்ளும், நுணுக்கமெல்லாம் தெருவில் கேட்கப் போவதில்லை. ஹெட்போனில் மணிக்கணக்காகக் கேட்கப்படும் ஒலிப்புத்தகம், பாடம், விளம்பரப் படம் இவற்றுக்கு வந்தால் மைக் வேண்டும்.

யுஎஸ்பி மைக் வாங்கட்டுமா, எக்ஸ்எல்ஆர் வாங்கட்டுமா?

யுஎஸ்பி மைக்கில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடக்கம், லேப்டாப்பில் செருகினால் வேலை முடிந்தது. எக்ஸ்எல்ஆர் என்பது மூன்று பின் கொண்ட ஸ்டுடியோ கேபிள் இணைப்பு. அந்த மைக்குக்கு இடையில், சிக்னலைப் பெருக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்ற சின்னப் பெட்டி போதும்.

தொழிலாகச் செய்யப் போகிறீர்கள் என்றால் எக்ஸ்எல்ஆர் பக்கம் போங்கள். நாளைக்கு மைக்கை மட்டும் மாற்றலாம், இன்டர்ஃபேஸ் அப்படியே இருக்கும். யுஎஸ்பியில் ஏதாவது ஒன்று பழுதானால் மொத்தமும் போய்விடும். முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு ரோடு நிறுவனத்தின் என்டி1 ஐந்தாம் தலைமுறை ஒரு நல்ல வழி. ஒரே மைக்கில் யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உண்டு. இன்றைக்கு லேப்டாப்பில் நேராகச் செருகிக்கொண்டு, கையில் காசு வந்ததும் இன்டர்ஃபேஸ் வாங்கலாம்.

பெட்டில 48V-னு ஒரு பட்டன் இருக்கு. அத போட்டா மைக் எரிஞ்சிடுமா?

எரியாது, போட்டால்தான் மைக் பேசும். கண்டன்சரின் உள்ளே இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் தேவை. சில மைக்குகளில் படலத்துக்கும் தேவை. அந்த 48 வோல்ட்டை இன்டர்ஃபேஸ் அதே கேபிள் வழியாக அனுப்புகிறது. ஃபேன்டம் பவர் என்று கடையில் கேட்பது இதைத்தான். புது மைக் வாங்கி "சத்தமே வரல" என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் பலருக்கு இந்த பட்டன்தான் காரணம்.

பழக்கம் ஒன்று வேண்டும். கேபிளைச் செருகிய பிறகு பட்டனைப் போடுங்கள். கழற்றும் முன் அணைத்துவிட்டுச் சில வினாடி பொறுங்கள். ஸ்பீக்கரும் ஹெட்போனும் அந்த நேரத்தில் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் "டப்" என்று ஓர் அடி அடிக்கும். சாதாரண டைனமிக் மைக்கை நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிளில் போட்டிருந்தால் 48 வோல்ட் அதை ஒன்றும் செய்யாது. படலத்துக்குப் பதில் மெல்லிய உலோகப் பட்டை ஆடும் பழைய ரிப்பன் மைக் கையில் கிடைத்தால் மட்டும் உஷார்.

பெரிய டயாஃப்ரம்தான் நல்லதா?

டயாஃப்ரம் என்பது முதலில் பார்த்த படலம்தான். பெரிது நல்லதா என்றால், குரலுக்குப் பெரும்பாலும் ஆம். ஏறக்குறைய ஒரு அங்குலப் படலம் கொண்ட மைக்குகள் இரைச்சல் குறைவாகவும், குரலைக் கொஞ்சம் கனமாகவும் தருகின்றன. ஆனால் இது மட்டுமே கணக்கில்லை. ஆடியோ டெக்னிக்காவின் ஏடி2020-இல் படலம் 16 மில்லிமீட்டர்தான், அதில் நல்ல வேலை செய்கிறவர்கள் ஏராளம்.

கார்டியாய்டுனு அட்டைல போட்டிருக்கே, அது என்ன? எந்தப் பக்கம் பார்த்துப் பேசணும்?

முன்னால் வரும் சத்தத்தை முழுதாகவும், பக்கவாட்டில் வருவதைக் குறைவாகவும், நேர் பின்னால் வருவதை மிகக் குறைவாகவும் எடுக்கும் மைக் கார்டியாய்டு. வீட்டில் பதிவு செய்கிற எவருக்கும் இந்த வகைதான் வேண்டும். எட்டுத் திசையும் எடுக்கும் ஆம்னி வகையை நம்ம ஏரியா வீடுகளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தப் பக்கம் என்ற கேள்வியை வெட்கப்படாமல் கேட்டதற்கு நன்றி. பெரிய கண்டன்சர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் கேட்பவை. கம்பெனி சின்னம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் உங்கள் வாய் இருக்க வேண்டும். மேல் நுனியில் ஐஸ்கிரீம் சாப்பிடுவது மாதிரி பேசினால் குரல் தூரத்தில் கேட்கும். மைக்கின் முதுகை லேப்டாப் விசிறிக்கோ தெருப்பக்க ஜன்னலுக்கோ காட்டி வையுங்கள். இதற்குக் காசு செலவில்லை, பலன் உடனே தெரியும்.

ஒரு மைக்ல செல்ஃப் நாய்ஸ் 20-னு இருக்கு, இன்னொண்ணுல 4.5-னு இருக்கு. கம்மியா இருக்கிறதுதானே வாங்கணும்?

அறைக்குள் சத்தமே இல்லாவிட்டாலும் மைக் தானே எழுப்பும் மெல்லிய இரைச்சல்தான் செல்ஃப் நாய்ஸ். ஏடி2020-க்கு 20 டெசிபல், அதே கம்பெனியின் ஏடி2035-க்கு 12, நாய்மன் டிஎல்எம் 103-க்கு 7, ரோடு என்டி1-க்கு 4.5. குறைவாக இருந்தால் நல்லது என்பது சரி. ஆனால் உங்கள் அறை எவ்வளவு என்று தெரியாமல் இந்த எண்ணைப் பார்த்து ஒரு பயனும் இல்லை.

கணக்காகவே பார்ப்போம். சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். அரை மீட்டரில் 66, கால் மீட்டரில் 72, அதிலும் பாதியாக, ஏறக்குறைய அரைச் சாணுக்கு வந்தால் 78. இப்போது ஜன்னல் மூடிய ஒரு வண்ணாரப்பேட்டை அறை பகலில் 40 டெசிபல் என்று வையுங்கள். 40 டெசிபல் சத்தத்துக்குள் 20 டெசிபல் மைக் இரைச்சல் இருந்தால் என்ன, 4.5 இருந்தால் என்ன? இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அறையை 25-க்குக் கொண்டுவந்த பிறகுதான் 20 உள்ள மைக்கின் "ஸ்ஸ்" மெல்ல எட்டிப்பார்க்கும்.

அதனால் நான் சொல்லும் வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் அறையை அளங்கள், பிறகு மைக்கைப் பாருங்கள். கையில் இருக்கும் எந்த மைக்கிலாவது அரை நிமிடம் பேசுங்கள், அரை நிமிடம் பேசாமல் பதிவு செய்யுங்கள். இரண்டுக்கும் இடையே மீட்டரில் எத்தனை டெசிபல் இறக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை, மதியம், ராத்திரி என்று வெவ்வேறு நேரத்தில் இதைச் செய்தால் உங்கள் வீட்டில் எந்த நேரம் பதிவு நேரம் என்பதும் தெரிந்துவிடும்.

எங்க வீடு மெயின் ரோடு மேல. ராத்திரி பூரா கன்டெய்னர் லாரி. கண்டன்சர் வாங்குறது வேஸ்ட்டா?

வேஸ்ட் இல்லை, ஆனால் வாங்கிய அன்றே நல்ல பதிவு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம்ம பக்கத்தில் "ராத்திரி அமைதியா இருக்கும்" என்ற பொது அறிவுரை பல தெருக்களில் செல்லாது. துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசை ராத்திரியில்தான் நகரும். கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில். காசிமேட்டில் விடியலுக்கு முன்பே படகு என்ஜினும் ஏலமும். ஆடி மாதம் வந்தால் அம்மன் கோயில் ஸ்பீக்கர், மார்கழி என்றால் விடிகாலைப் பாட்டு. அதையெல்லாம் யாரும் நிறுத்தப் போவதில்லை, நிறுத்தச் சொல்லவும் கூடாது. நம்ம வேலையை அதற்குள் பொருத்திக்கொள்ள வேண்டும். இங்கே பலருக்கு மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை நல்ல நேரமாக அமைகிறது. உங்களுக்கு எது என்று முந்தைய பதிலில் சொன்ன சோதனை சொல்லும்.

தெருவிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் உள் அறையைத் தேர்ந்தெடுங்கள். லாரியின் உறுமல் பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசை. ஆண் குரலின் அடித்தளம் ஏறக்குறைய 85 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்கும், பெண் குரல் 165-ஐ ஒட்டி. எனவே மைக்கிலோ இன்டர்ஃபேஸிலோ 80 ஹெர்ட்ஸ் லோ கட் (அதற்குக் கீழே உள்ள சத்தத்தைக் குறைக்கும் சுவிட்ச்) இருந்தால் குரலைத் தொடாமல் உறுமலின் பெரும்பகுதியை வெட்டலாம். ஏடி2035-இல் இந்த சுவிட்ச் உண்டு, ஏடி2020-இல் இல்லை. மெயின் ரோட்டுக்காரர்களுக்கு இந்த ஒரு சுவிட்சுக்காகவே 2035-க்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்பது என் எண்ணம். தரை வழியாக ஏறும் அதிர்வுக்கு மைக்கை ஷாக் மவுண்டில் (ரப்பர் பட்டையில் மைக்கைத் தாங்கும் பிடி) தொங்கவிடுங்கள், ஸ்டாண்டின் காலடியில் மடித்த மிதியடி போடுங்கள்.

முட்டை அட்டை ஒட்டினா சவுண்ட் ப்ரூஃப் ஆகிடும்னு சொல்றாங்களே?

ஆகாது. தெர்மாகோலும் ஆகாது. இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒன்று. அதற்குக் கனமான சுவர், இடுக்கில்லாத கதவு, காற்றுப் புகாத ஜன்னல் வேண்டும். உள்ளே பேசும் குரல் சுவரில் பட்டுத் திரும்பாமல் உறிஞ்சுவது இன்னொன்று. அதற்குத் தடிமனும் நார்ப்பொருளும் வேண்டும். முட்டை அட்டையில் கனமும் இல்லை, தடிமனும் இல்லை. தீப்பிடித்தால் சட்டென்று எரியும், அது வேறு ஆபத்து.

1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். அதை நன்றாக உறிஞ்ச அதில் கால் பங்கு, அதாவது எட்டரை சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். ஆகவே ஒட்டும் மெல்லிய ஸ்பாஞ்சை விடத் தடித்த பஞ்சு மெத்தை நன்றாக வேலை செய்யும். பத்துக்குப் பத்து அறையில் இரண்டு மெத்தையை நிமிர்த்தி, மேலே கம்பளியோ ஜமுக்காளமோ போர்த்தினால் நல்ல தொடக்கம். காசு இருந்தால் துணி சுற்றிய ராக்வுல் (கல் நார்) பலகை. எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் இடறுகிறார்கள். மைக் உங்கள் முகத்தைப் பார்க்கிறது, அப்படியென்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பார்க்கிறது. அந்தச் சுவரைத்தான் முதலில் மூட வேண்டும். மைக்குக்குப் பின்னால் வைக்கும் வளைந்த கேடயம் விற்கிறார்களே, அது அந்தச் சுவரை ஒன்றும் செய்யாது.

அறைக்குள் இரும்பு பீரோ இருந்தால் அதன் பக்கத்தில் நின்று உங்கள் குரலில் தாழ்ந்து ஏறி "ம்ம்ம்" என்று இழுத்துப் பாருங்கள். ஏதோ ஒரு சுருதியில் கதவுத் தகடு கூடவே முனகும். பதிவில் அது கேட்கும், எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தெரியாது. கதவில் ஒரு மடித்த துணியைச் சொருகினால் நின்றுவிடும். ஸ்டீல் தட்டு அடுக்கிய ஸ்டாண்டுக்கும் இதே வைத்தியம்.

அப்போ கண்டன்சரே வேணாம், ஷூர் எஸ்எம்7பி வாங்கிட்டா வெளிச்சத்தமே வராதுன்னு ஒருத்தர் சொன்னாரு.

எஸ்எம்7பி நல்ல டைனமிக் மைக்தான். ஆனால் எந்த மைக்குக்கும் உங்கள் குரலையும் லாரியையும் பிரித்து அடையாளம் காணத் தெரியாது. அதில் வெளிச்சத்தம் குறைவது முக்கியமாக நாம் அதை வாயருகே வைத்துப் பேசுவதால். கண்டன்சரையும் அதே தூரத்தில் வைத்து, அதற்கேற்ப கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) குறைத்தால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெருமளவு சுருங்கிவிடும்.

இன்னொன்று, ஒரே அளவு சத்தத்துக்கு ஏடி2020 தருவது சுமார் 14 மில்லிவோல்ட், எஸ்எம்7பி தருவது 1.12 மட்டுமே. அந்தக் குறையை இன்டர்ஃபேஸ்தான் ஈடுகட்ட வேண்டும், அதற்கு ஏறக்குறைய 60 டெசிபல் கெயின் தேவை. மலிவான பெட்டியில் அவ்வளவு ஏற்றினால் பெட்டியின் இரைச்சல் சேர்ந்து வரும். எதிரொலியை எப்படியும் குறைக்க முடியாத அறை, வாயருகே மைக் வைத்துப் பேச விருப்பம், நல்ல இன்டர்ஃபேஸ் என்று மூன்றும் இருந்தால் டைனமிக் சரியான முடிவு.

என் குரல் கொஞ்சம் கீச்சுனு இருக்கும். எனக்கு எந்த மைக் செட் ஆகும்?

ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு சாய்வு உண்டு. சிலது மேல் அலைவரிசையைத் தூக்கிக் காட்டும், சிலது சமமாக இருக்கும். டிஎல்எம் 103-இல் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 4 டெசிபல் வரை ஏற்றம் இருக்கிறது. கனத்த, மந்தமான குரலுக்கு அது தெளிவைக் கொடுக்கும். ஏற்கெனவே கூர்மையான குரலில் ஸ, ஷ வரும்போது குத்தும். ரோடு கம்பெனி மைக்குகளிலும் இப்படித்தான், பழைய வெள்ளி நிற என்டி1-ஏ மேலே பளிச்சென்று இருக்கும், கறுப்பு என்டி1 அடக்கமாக இருக்கும். உங்கள் குரலுக்கு நான் என்டி1 பக்கம்தான் கை காட்டுவேன்.

விமர்சன வீடியோவில் இன்னொருவர் குரலைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கம் டப்பிங் தியேட்டர்கள் நிறைய இருக்கின்றன. முன்கூட்டியே பேசிக்கொண்டு ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுங்கள், அங்கே இருக்கும் மைக்குகளில் ஒரே பத்தியைப் பேசிப் பதிவை வாங்கி வாருங்கள். ஸ, ச, ப நிறைய வரும் பத்தியாக எடுத்துப் போனால் நல்லது. அந்த வாடகை தவறான மைக்கின் விலையை விடக் குறைவுதான்.

ப வரும்போதெல்லாம் "டப்பு"னு அடிக்குது. மைக் கோளாறா?

காற்றுக் கோளாறு. உதடு வெடித்துத் திறக்கும்போது வரும் காற்று நேராகப் படலத்தில் மோதுகிறது. மைக்குக்கு நான்கு விரல் முன்னால் பாப் ஃபில்டர் (காற்றைத் தடுக்கும் வலைத் திரை) வையுங்கள். பிறகு மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி, வாயின் ஓரத்தைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தால் காற்று கடந்து போய்விடும், குரல் மட்டும் விழும். ஸ குத்துவதும் இதில் ஓரளவு குறையும்.

மைக்கை நெருங்க நெருங்கக் குரலில் அடித்தளம் ஏறுவதையும் கவனித்திருப்பீர்கள். கார்டியாய்டு மைக்குகளின் இயல்பு அது. சினிமா டிரெய்லர் குரலுக்குப் பிடிக்கும், பாடம் வாசிப்பதற்குத் தொந்தரவு. ஒரு சாணில் தொடங்குங்கள். அந்த ஒரு சாணை முழுப் பதிவுக்கும் மாற்றாமல் வைத்திருப்பது எந்த மைக் என்பதை விடவும் முக்கியம். அத்தியாயத்துக்கு அத்தியாயம் தூரம் மாறினால் கேட்பவருக்கு ஆள் மாறின மாதிரி இருக்கும்.

சார், கடல் பக்கத்துல வீடு. மைக் துருப்பிடிச்சிடுமா?

துருவை விட ஈரம்தான் முதல் பகை. படலத்துக்கும் தகடுக்கும் நடுவே ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசியும். பொரிகிற மாதிரி "பட் பட்" சத்தம் வரும், சில சமயம் குரலே மங்கும். பல நேரம் மைக்கை உலர்ந்த இடத்தில் ஒரு நாள் வைத்தால் சரியாகிவிடும். ஹேர் டிரையர் காட்ட வேண்டாம், கூண்டைத் திறந்து துடைக்கவே வேண்டாம்.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்க் கரையோரம் இருப்பவர்கள் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவைக்காதீர்கள். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று பார்த்தாலே தெரியும். ஏசி அறையில் குளிர்ந்த மைக்கை வெளியே எடுத்ததும் அதன் மேல் ஈரம் பூக்கும், அதனால் டப்பாவில் மூடிய பிறகு வெளியே கொண்டுபோங்கள். வானொலி அலைவரிசை மின்சுற்றில் இயங்கும் சென்ஹைசர் எம்கேஎச் 416 போன்றவை ஈரத்தை நன்றாகத் தாங்கும். திறந்த வெளிப் படப்பிடிப்புகளில் அதை நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்க சொன்ன அந்த 416-ஐயே வீட்டுக்கு வாங்கிட்டா என்ன?

விளம்பரக் குரலுக்கு உலகம் முழுக்கப் பேர்போன ஷாட்கன் மைக், அதாவது நீளக் குழாய் மைக் அது. ஆனால் அதில் விளம்பரம் பேசுகிறவர்கள் பேசுவது நன்றாக ஒலியை உறிஞ்சும் பொருள் நிறைத்த பூத்துக்குள். நீளக் குழாயின் பக்கத் துளைகள் வழியே நுழையும் உயர்ந்த அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால்தான் அது பக்கச் சத்தத்தைக் குறைக்கிறது. தாழ்ந்த அலைகளில் அந்த வேலை நடக்காது. எதிரொலி உள்ள சின்ன அறையில் திரும்பி வரும் குரல் நிறம் மாறி, குடத்துக்குள் பேசியது மாதிரி ஆகிவிடும். லாரி உறுமல் தாழ்ந்த அலை என்று முன்பே பார்த்தோம், அதையும் அது தடுக்காது. முட்டை அட்டை கேள்வியில் சொன்னபடி அறையைச் சரிசெய்த பிறகு யோசியுங்கள்.

பேசாதப்ப "ஊம்ம்"னு ஒரு சத்தம். எங்கிருந்து வருது?

நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த ஹம்மும் 50, 100 ஹெர்ட்ஸில்தான் இருக்கும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். சத்தம் நின்றால் சார்ஜரும் எர்த்தும்தான் காரணம். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருப்பதில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்ப்பது நல்லது. எர்த் பின்னை வெட்டிவிடும் வேலை மட்டும் வேண்டாம், உயிருக்கு ஆபத்து. சார்ஜர் காரணமில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், மைக் கேபிளை பவர் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

பர்மா பஜார்லயும் ரிச்சி ஸ்ட்ரீட்லயும் பாதி விலைக்குக் கிடைக்குதே, நம்பி வாங்கலாமா?

கேபிள், ஸ்டாண்ட், பாப் ஃபில்டர், ஷாக் மவுண்ட் வாங்கத் தாராளமாகப் போங்கள். பிரபல மைக்குகளுக்குப் போலிகள் உண்டு, பெட்டியும் ஸ்டிக்கரும் அச்சு அசலாக இருக்கும். ஜிஎஸ்டி பில்லும் இந்திய விநியோகஸ்தரின் வாரண்டியும் இல்லாமல் விலை கூடிய மைக்கை வாங்காதீர்கள். பிஎம்-800 என்ற பெயரில் பல கம்பெனிகள் விற்கும் மலிவு மைக்கில் பெரிய கூண்டுக்குள் பட்டன் அளவு கேப்ஸ்யூல்தான் (படலமும் தகடும் அடங்கிய பகுதி) பெரும்பாலும் இருக்கும். பழகிப் பார்க்கச் சரி, தொழிலுக்குப் போதாது.

செகண்ட் ஹேண்ட் என்றால் உங்கள் இன்டர்ஃபேஸையும் ஹெட்போனையும் எடுத்துப் போங்கள். 48 வோல்ட் போட்டு, யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் கேளுங்கள். பொரிச்சல் வந்தால் ஈரம் குடித்த மைக். கூண்டுக்குள் டார்ச் அடித்துப் படலத்தில் கறையோ சுருக்கமோ தெரிகிறதா என்று பாருங்கள்.

இருக்கிற காசை எப்படிப் பிரிக்கிறது?

மொத்தத்தில் பாதிக்கு மேல் மைக்குக்குப் போகக் கூடாது. மீதியில் இன்டர்ஃபேஸ், காதை முழுதாக மூடும் ஹெட்போன், ஆடாத ஸ்டாண்ட், அறைக்கான மெத்தையும் துணியும். ஹெட்போனை விட்டுவிட்டு மைக்கில் கொட்டுகிறவர்கள் அதிகம். கேட்கவே முடியாத குறையைச் சரிசெய்ய முடியாது.

ஒலிப்புத்தகம் அனுப்பினேன். நாய்ஸ் ஃப்ளோர் அதிகம்னு திருப்பிட்டாங்க. நல்ல மைக்தான் வச்சிருக்கேன்.

நாய்ஸ் ஃப்ளோர் என்பது பேசாத இடத்தில் பதிவில் இருக்கும் இரைச்சல். அமேசானின் ஒலிப்புத்தகத் தளமான ஏசிஎக்ஸின் விதிகளை எடுத்துக்கொள்வோம். இதில் 0 என்பது பதிவு தாங்கும் உச்ச அளவு, மைனஸ் எண் அதிலிருந்து எத்தனை டெசிபல் கீழே என்பது. சராசரி ஒலி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் நடுவில், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டாமல், அமைதியான இடம் மைனஸ் 60-க்குக் கீழே இருக்க வேண்டும். செல்ஃப் நாய்ஸ் கேள்வியில் போட்ட கணக்கை இங்கே கொண்டுவாருங்கள். குரல் 78, அறை 40, இடைவெளி 38. குரலை மைனஸ் 20-க்கு ஏற்றினால் அறை மைனஸ் 58-இல் நிற்கும். இரண்டு டெசிபலில் தோல்வி. மைக்கை மாற்றினாலும் இந்த எண் மாறாது. அறையை 35-க்கு இறக்கினால் மைனஸ் 63, தாராளமாகத் தேறும்.

அந்த ஐந்து டெசிபல் எங்கே கிடைக்கும்? மின்விசிறியை அணைப்பது, ஃபிரிட்ஜ் ஓடாத நேரம் பார்ப்பது, லேப்டாப்பைப் போர்வைத் தடுப்புக்கு அப்பால் வைப்பது, கதவிடுக்கில் துணி, 80 ஹெர்ட்ஸ் லோ கட். சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் உட்காருவது கஷ்டம்தான். இருபது நிமிடம் பேசி, வெளியே வந்து காற்று வாங்கி, திரும்பப் போய் உட்காருங்கள். குரலுக்கும் அது நல்லது.

சாஃப்ட்வேர்ல நாய்ஸ் எடுத்துட்டா முடிஞ்சுது, இதுக்கெல்லாம் ஏன் அலையணும்?

விசிறி மாதிரி ஒரே சீராக ஓடும் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், நானும் செய்வதுண்டு. ஹாரன், நாய், பக்கத்து வீட்டு மிக்ஸி இவை மாறிக்கொண்டே இருப்பவை, குரலோடு பின்னிக் கிடக்கும். அழுத்தி எடுத்தால் சொல்லின் முனைகள் கரையும், ஸ மழுங்கும், மூச்சுகள் பாதியில் அறுபடும். எதிரொலியை எடுப்பது இன்னும் கடினம். ஹாரன் அடித்தால் நிறுத்திவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லுங்கள், அதுதான் வேகமான வழி.

கம்பெனிக்காரங்க யூ87-லதான் பண்ணணும்னு கேக்குறாங்க. கடன் வாங்கி வாங்கிடட்டுமா?

வேண்டாம். நாய்மன் யூ87 1967-இல் வந்தது. இன்றைக்கு விற்கும் யூ87 ஏஐ 1986-இல் வந்த வடிவம். ஸ்டுடியோ உலகம் அதன் நடு அலைவரிசைக்குப் பழகிப்போனதால் விளம்பர நிறுவனங்கள் பெயர் சொல்லிக் கேட்கின்றன. விலை லட்சங்களில். அதன் செல்ஃப் நாய்ஸ் 12, ஏடி2035-க்கும் அதேதான். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, குரலின் நிறத்தில் வித்தியாசம் நிச்சயம் கேட்கும். ஆனால் அந்த நிறம் அடங்கிய அறையில்தான் தெரியும்.

முதலில் உங்கள் அறையில் எடுத்த ஒரு நிமிடப் பதிவை எந்த வேலையும் செய்யாமல் அப்படியே அனுப்புங்கள். கடைசிப் பத்து வினாடி பேசாமல் விடுங்கள், அறையின் அமைதியை அவர்கள் கேட்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாக இருக்கட்டும். இது போதும் என்று சொல்லிவிட்டால் நல்லது. யூ87 தான் வேண்டும் என்று நின்றால், முன்னால் சொன்ன டப்பிங் தியேட்டர் ஒன்றில் அந்த மைக் இருக்கிறதா என்று கேட்டு, அதன் ஒரு மணி நேர வாடகையையும் போக்குவரத்துச் செலவையும் உங்கள் கூலியோடு சேர்த்து எழுதிக் கொடுங்கள்.